புகார் ஏடும் வரவுசெலவு ஏடும்

சென்னை மாமன்றத்தில் 200 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் மார்ச் மாதத்தில், ரிப்பன் மாளிகையில் நிதிநிலை அறிக்கை தாக்கலாகிறது. எட்டாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்ட அந்தத் திட்டத்தின் மீது உறுப்பினர்கள் பேசுகிறார்கள். பிறகு அது நிறைவேறுகிறது. ஆண்டின் மற்ற நாட்களில் அதே உறுப்பினரின் வேலை வார்டில் நடக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை, குடிநீரில் கழிவுநீர் கலந்து வருகிறது, குப்பை வண்டி வரவில்லை, வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தை மூடவில்லை, முதியோர் உதவித்தொகை நின்றுபோயிற்று என்று காலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். முதல் வேலையைச் சடங்கு என்றும் இரண்டாவதைச் சேவை என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். நல்ல கவுன்சிலர் யார் என்று கேட்டால், போன் போட்டால் எடுப்பவர், கூப்பிட்டால் வருபவர் என்றுதான் பதில் கிடைக்கும். இந்தப் பிரிவினையே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். வார்டின் புகார்கள் வரவுசெலவுத் திட்டத்துக்குள் போய்ச் சேராதவரை குறைதீர்ப்பு என்பது தயவு தாட்சண்யமாகவே இருக்கும்; புகார்களை அறியாத வரவுசெலவுத் திட்டமோ தெருவைப் பார்க்காமல் போட்ட கணக்காக இருக்கும். இந்த இரண்டையும் இணைப்பதற்காகவே மாமன்ற உறுப்பினர் என்ற பதவி தேவைப்படுகிறது. அந்த இணைப்பைத்தான் நம் ஏற்பாடு அறுத்து வைத்திருக்கிறது.

ஒரு புகார் எப்படித் தீர்க்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு தெருவில் கழிவுநீர் பொங்கி வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். கவுன்சிலர் பொறியாளரிடம் பேசுகிறார், அடைப்பு நீக்கும் வண்டி வருகிறது, அன்று மாலைக்குள் தண்ணீர் வடிகிறது. புகார் முடிந்தது என்று கணினியில் பதிவாகிறது. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் மீண்டும் பொங்குகிறது, மீண்டும் வண்டி வருகிறது, மீண்டும் முடிந்தது. ஓர் ஆண்டில் பத்து முறை இப்படி நடந்தால் ஏட்டில் தீர்க்கப்பட்ட புகார்கள் பத்து என்றிருக்கும். உண்மையில் அங்கே இருப்பது தீர்க்கப்படாத ஒரே ஒரு குறை: தனி வீடுகள் இருந்த காலத்தில் போட்ட குழாயில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவுநீர் ஓடுகிறது. வண்டி அனுப்புவது பராமரிப்புச் செலவு. குழாயை மாற்றுவது மூலதனச் செலவு. முதலாவதைப் பொறியாளர் அன்றே செய்யலாம். இரண்டாவதற்கு மதிப்பீடு, ஒதுக்கீடு, தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி எல்லாம் வேண்டும். பத்துப் புகார்களும் ஒரே நோயின் அறிகுறிகள் என்று கண்டுகொண்டு, அந்தக் கண்டறிதலை அடுத்த ஆண்டின் ஒதுக்கீடாக மாற்ற ஒருவர் வேண்டும். இந்த வேலையைச் செய்யும் செயலியோ உதவி எண்ணோ இல்லை. 1913 என்ற எண்ணில் பதிவாகும் ஒவ்வொரு புகாரும் தனித்தனியாகப் பிறந்து தனித்தனியாக முடிகிறது. அவற்றைச் சேர்த்துப் படித்து மன்றத்தில் பணமாகக் கேட்பது அரசியல் வேலை. அதற்காகத்தான் மக்கள் வாக்களித்து ஒருவரை அனுப்புகிறார்கள்.

இந்த வேலையை அவர் ஏன் செய்வதில்லை என்ற கேள்விக்குத் தனிமனிதர்களின் குணத்தில் விடை தேடுவது எளிது. ஆனால் ஏற்பாட்டைப் பார்த்தால் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதற்காரணம், பணிகள் சிதறிக் கிடப்பது. 1992இல் நிறைவேறி 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல், குடிநீர், சாலை, துப்புரவு எல்லாம் அதில் உண்டு. சென்னையிலோ குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்திடம் இருக்கின்றன. நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம், குடிசைப் பகுதிகளின் வீட்டுவசதி இன்னொரு வாரியத்திடம், மின்சாரம் மாநில மின் நிறுவனத்திடம். கவுன்சிலர் வீட்டு வாசலுக்கு வரும் புகார்களில் கணிசமானவை மாமன்றத்தின் ஆளுகைக்கு வெளியே இருப்பவை. கழிவுநீர்ப் புகாரை அவர் கேட்டுக்கொள்ளலாம், வாரியப் பொறியாளரிடம் மன்றாடலாம். அந்த வாரியத்தின் வரவுசெலவில் ஒரு ரூபாயைக்கூட அவரால் இடம் மாற்ற முடியாது. அதிகாரம் இல்லாத இடத்தில் செல்வாக்குதான் மிச்சமிருக்கும். கட்சியில் யார் பெரியவர், எந்த அமைச்சரைத் தெரியும் என்பவை அவரது கருவிகளாகிவிடுவது இதனால்தான்.

இரண்டாவது காரணம், மாமன்றத்தின் கையில் இருக்கும் பணத்திலும் முடிவு பெரும்பாலும் முன்பே எடுக்கப்பட்டிருப்பது. சம்பளம், ஓய்வூதியம், கடன் தவணை, குப்பை அகற்றும் ஒப்பந்தங்கள் என்று வருவாய்ச் செலவின் பெரும்பகுதி கட்டுண்டு கிடக்கிறது. மூலதனப் பக்கம் கொசஸ்தலையாறு, கோவளம் வடிநிலங்களின் மழைநீர் வடிகால் போன்ற பெருந்திட்டங்கள் ஆசிய வளர்ச்சி வங்கி, ஜெர்மானிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடனில் நடப்பவை. அவற்றின் வரைபடம் கடன் ஒப்பந்தத்தோடு பிறந்துவிடுகிறது. வரி விதிப்பிலும் இதே நிலைதான். கடைசியாக 1998இல் சீரமைக்கப்பட்ட சொத்து வரியை உயர்த்த 2018இல் நடந்த முயற்சி மறு ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் மாமன்றத் தேர்தல் நடந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் மாநில அரசு புதிய உயர்வை அறிவித்தது. பழைய சென்னையில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 50 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 விழுக்காடு என்ற அளவுகள் தலைமைச் செயலகத்தில் தீர்மானமாயின. அப்போதுதான் பொறுப்பேற்ற உறுப்பினர்களுக்கு அதை மன்றத் தீர்மானமாக்கும் வேலை வந்து சேர்ந்தது. நீண்ட காலம் உயராத வரியை உயர்த்துவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் தன் வார்டில் வரி கேட்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அந்த வரி தெருவுக்கு எந்த வடிவில் திரும்பி வரும் என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுக்காமல் விட்டால், அவர் வரி பற்றிப் பேசாமல் ஒதுங்கவே பார்ப்பார்.

மூன்றாவது காரணம் ஆறுதல் பரிசு போன்றது: வார்டு மேம்பாட்டு நிதி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இது ஓர் உறுப்பினருக்கு 50 லட்சம் ரூபாயிலிருந்து 60 லட்சமாக உயர்த்தப்பட்டது. 200 வார்டுகளுக்கும் கூட்டினால் 120 கோடி. எட்டாயிரம் கோடியைத் தாண்டிய திட்டத்தில் இது ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. சிறு பாலம், பூங்கா, பள்ளிக்கூடச் சுவர் போன்றவற்றுக்கு இந்தத் தொகை பயன்படுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இது உறுப்பினரின் கவனத்தைத் திசை திருப்புகிறது. மொத்தத் திட்டத்தைக் கேள்வி கேட்க வேண்டியவர் தன் பங்கை உயர்த்திக் கேட்பவராகிறார். நிதிநிலை அறிக்கை மீதான விவாதத்திலும் வார்டு நிதியின் அளவே முதன்மைக் கோரிக்கையாகிவிடுகிறது. மேலும், இந்த நிதி எல்லா வார்டுக்கும் ஒரே அளவு. 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகள் சேர்க்கப்பட்டு, சென்னையின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 107 வார்டுகள் பழைய நகரத்திலும் 93 வார்டுகள் சேர்க்கப்பட்ட பகுதிகளிலும் அமைந்தன. நூறாண்டுகளுக்கும் மேலாகக் கழிவுநீர்க் குழாய் இருக்கும் வார்டுக்கும், பாதாள சாக்கடையே பார்த்திராத வார்டுக்கும் ஒரே தொகை கொடுப்பது பார்வைக்குச் சமம். விளைவில் ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவைப்பது.

அமெரிக்காவின் சிகாகோ நகரம் இந்த வழியில் நெடுந்தூரம் போன ஊர். அங்கே 50 வார்டுகள். ஒவ்வொரு வார்டு உறுப்பினருக்கும் சாலை, நடைபாதை, விளக்கு போன்ற பணிகளுக்கு ஆண்டுக்குப் பதின்மூன்று லட்சம் டாலர் அளவில் சமத்தொகை பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டது. பட்டியலிலிருந்து அவரே பணிகளைத் தேர்ந்தெடுக்கலாம். 2017இல் அந்நகரத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இதைத் தணிக்கை செய்து, பணம் தேவையைப் பார்த்துப் பிரிக்கப்படவில்லை என்றும், வார்டுகளின் உண்மையான கட்டமைப்புத் தேவைக்கும் அவை பெறும் தொகைக்கும் இடையே பெருத்த வேறுபாடு இருக்கிறது என்றும் சொன்னது. அதே சிகாகோவில் 2009இல் 49ஆவது வார்டின் உறுப்பினர் ஜோ மூர் தன் பங்குத் தொகையை எப்படிச் செலவிடுவது என்பதை வார்டு மக்களின் வாக்கெடுப்புக்கு விட்டார். அமெரிக்காவில் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தின் தொடக்கம் அது. பாராட்டத்தக்க முயற்சிதான். ஆனாலும் மக்கள் பகிர்ந்துகொண்டது அந்தச் சிறு துண்டை மட்டுமே. மீதித் திட்டம் பழைய வழியிலேயே போயிற்று. வார்டு நிதியைப் பெருக்குவதோ அதை மட்டும் ஜனநாயகமாக்குவதோ போதாது என்பதை இவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

குறைதீர்ப்பும் வரவுசெலவும் இணைந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. இன்று சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலமாக இருக்கும் ஆலந்தூர், 1990களின் இறுதியில் தனி நகராட்சி. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி, நிலத்தடி நீர் கெடுவது, கொசு என்று எல்லாப் புறநகர்களும் சொன்ன குறையையே ஆலந்தூரும் சொன்னது. நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதியும் மன்றமும் அதற்குப் பாதாள சாக்கடைதான் தீர்வு என்று முடிவெடுத்தபோது, திட்டச் செலவு சுமார் 34 கோடி ரூபாய் என்று வந்தது. நகராட்சியின் சொந்த வருவாய்க்கு எட்டாத தொகை. வீட்டுக்கு 5,000 ரூபாய் இணைப்பு வைப்புத்தொகை கேட்பது என்றும், மீதியைத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் வழியான கடன், மானியம், சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனியார் முதலீடு ஆகியவற்றால் திரட்டுவது என்றும் வகுத்தார்கள். உறுப்பினர்களும் குடியிருப்போர் சங்கங்களும் தெருத் தெருவாகப் போய் விளக்கினார்கள். குழாய் பதிக்கத் தொடங்கும் முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டின. அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்கப்பட்டது. 2000களின் நடுப்பகுதிக்குள் வீடுகளுக்கு இணைப்பு வந்தது.

ஆலந்தூரைத் தனியார் பங்கேற்பின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. அது ஒரு பகுதி உண்மை. இக்கட்டுரைக்கு முக்கியம் வேறொன்று. அங்கே குறையைக் கேட்டவர்களும், செலவைக் கணக்கிட்டவர்களும், பணம் கேட்டு வாசலுக்கு வந்தவர்களும் ஒரே ஆட்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு அதே வாசலுக்கு வர வேண்டியவர்களும் அவர்களே. அதனால் ஐயாயிரம் ரூபாய் என்ற கசப்பான செய்தியைச் சொல்ல அவர்களால் முடிந்தது. அந்தப் பணம் எதற்கு என்று கேட்டவருக்குக் கைகாட்ட ஒரு கணக்கும் இருந்தது. வரி கட்ட மக்கள் மறுக்கிறார்கள் என்று சொல்லப்படுவதெல்லாம், கட்டிய பணம் எங்கே போகிறது என்று தெரியாத இடங்களில் கேட்கும் பேச்சு.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் முதலாவது, கவுன்சிலர்களின் நேர்மை பற்றியது. கட்டுமான அனுமதியிலும் ஒப்பந்தங்களிலும் கைநீட்டுபவர்கள் என்ற பெயர் அவர்களில் பலருக்கு உண்டு. அவர்களிடம் இன்னும் அதிகாரம் கொடுப்பதா என்று கேட்பார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் இந்த அச்சத்தின் பேரில் சென்னை ஏற்கெனவே ஒரு பரிசோதனையைச் செய்து பார்த்துவிட்டது. வருகைப்பதிவேட்டு ஊழலைக் காட்டி 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகும், பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்கச் சொல்லும் அரசியலமைப்பு இருந்தும், 2022 வரை தனி அலுவலரே ஆண்டார். இந்த இரண்டு காலங்களிலும் ஊழல் ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஊழல் பெருகுவது முடிவு எடுக்கப்படும் அறை மூடியிருக்கும்போது. இந்த வேலை எங்கள் வார்டுக்கு ஏன், இந்தத் தொகை ஏன் என்று பொதுவில் பதில் சொல்ல வேண்டியவரைவிட, பின்வாசலில் சலுகை வாங்கித் தருபவருக்கே கமிஷன் வாய்ப்பு அதிகம்.

கவுன்சிலரின் வாழ்க்கைச் செலவையும் இங்கே பேசியாக வேண்டும். 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தாலே சென்னையின் ஒரு வார்டில் சராசரியாக 33,000 பேர். அவர்களுக்காக நாள் முழுதும் உழைப்பவருக்கு 2023 ஜூலை முதல் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் கிடைத்த சில நூறு ரூபாய் அமர்வுப்படிதான். உதவியாளர், புகாரைப் பதிவுசெய்ய ஓர் எழுத்தர், கணக்குப் படிக்கத் தெரிந்த ஒருவர் என யாருக்கும் அதில் இடமில்லை. அலுவலகத்தைக் கட்சி நடத்துகிறது, அல்லது அவரது சொந்தத் தொழில் நடத்துகிறது. யார் நடத்துகிறார்களோ அவர்களுக்கே முதலில் சேவை போகும். நேர்மையை எதிர்பார்க்கும் நகரம் அதற்குரிய குறைந்தபட்சச் செலவை ஏற்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நிபுணத்துவம் பற்றியது. மழைநீருக்கு வார்டு எல்லை தெரியாது; வடிநிலம் முழுவதையும் பார்த்துத் திட்டமிட வேண்டியதைக் கவுன்சிலர்கள் கூறுபோட்டுவிடுவார்கள் என்பார்கள். பெருவடிகாலின் சரிவையும் அகலத்தையும் வாக்கெடுப்பால் முடிவுசெய்யக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வரைபடம் சொல்லாதவை தெருவில் இருக்கின்றன. எந்த முட்டுச்சந்தில் தண்ணீர் முதலில் தேங்குகிறது, எந்த வீட்டுக் கழிவுநீர் இணைப்பு திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலுக்குள் விடப்பட்டிருக்கிறது, சாலையை மேல்மேலாகப் போட்டு எந்த வீடுகள் பள்ளத்துக்குப் போயின என்பவற்றை அங்கே வாழ்பவர்கள்தான் அறிவார்கள். பொறியாளரின் மாதிரிக்கு இந்தச் செய்திகள் உள்ளீடு. அவை ஒழுங்காக வந்து சேர ஒரு வழி இல்லாதபோது, கட்டி முடித்த வடிகால் தெருவின் மேட்டில் கிடக்கிறது.

மூன்றாவது மறுப்பே கடினமானது. என் வாதத்தின் உள்ளிருந்தே எழுவது. புகார்களை வரவுசெலவுக்கு அடிப்படையாக்கினால், உரக்கப் புகார் சொல்லத் தெரிந்தவர்களுக்கே பணம் போகும். செயலியும் நேரமும் சங்கமும் இருக்கிற தெரு நூறு புகார் பதியும். தினக்கூலிக்குப் போகிறவர்களின் குடியிருப்பு எதையும் பதியாது. பழகிப்போன துன்பத்தை யாரும் புகாராக நினைப்பதில்லை. இதற்கு இரண்டு பதில்கள். ஒன்று, புகார் பதியாத தெருவுக்கும் நடந்து போகக் கடமைப்பட்ட ஒரே பதவி கவுன்சிலருடையது. இயந்திரம் கேட்டதை மட்டும் பதியும், அவர் கேட்காததையும் பார்க்கலாம். ஆனால் தனிமனித நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிட முடியாது. எனவே இரண்டாவது பதில், விதி. பிரேசிலின் போர்டோ அலெக்ரே நகரம் 1989இல் பங்கேற்பு வரவுசெலவைத் தொடங்கியபோது ஊரை 16 வட்டாரங்களாகப் பிரித்தது. மக்கள் கூடிச் சொன்ன முன்னுரிமையோடு, வட்டாரத்தின் மக்கள்தொகை எவ்வளவு, எந்த வசதி எந்த அளவுக்கு இல்லாமலிருக்கிறது என்பவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்தே பணம் பிரிக்கப்பட்டது. இல்லாதவருக்குக் கூடுதல் என்ற கொள்கை கணக்கிலேயே எழுதப்பட்டதால் ஏழை வட்டாரங்கள் பயன்பெற்றன. அந்த ஊரே இன்னொரு பாடத்தையும் தருகிறது. நகர்மன்ற உறுப்பினர்களை ஒதுக்கிவிட்டு, மேயர் நிர்வாகத்தின் விருப்பத்தில் நடந்த ஏற்பாடு அது. உறுதியான சட்ட வேர் இல்லாததால், நிர்வாகம் மாறியபோது தளர்ந்து, 2017இல் நிறுத்தி வைக்கப்பட்டது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் மாநிலத் திட்டநிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. வார்டு சபைகளையும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆட்சிகள் மாறியும் அந்த அமைப்பு நிற்கிறது.

தமிழ்நாட்டிலும் இதற்கான விதை ஊன்றப்பட்டிருக்கிறது. 1998இல் இயற்றப்பட்டும் கிடப்பில் கிடந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022இலேயே வந்துவிட்டன. பகுதி சபையில் மக்கள் கூடித் தேவைகளைச் சொல்வது, கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழு அவற்றைத் தொகுப்பது என்பது அந்த ஏற்பாட்டின் சாரம். இதில் விடுபட்டிருக்கும் கண்ணி, தொகுத்த பட்டியல் அடுத்து எங்கே போகிறது என்பதுதான். மார்ச்சில் தாக்கலாகும் திட்டத்தின் மதிப்பீடுகளைத் துறைகள் முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே எழுதத் தொடங்கிவிடுகின்றன. பகுதி சபையின் தீர்மானம் அதற்கு முன் மண்டல அலுவலகத்தை அடைந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்பு, மறுப்பு, காரணம், தொகை என்று எழுத்தில் பதில் வந்தாக வேண்டும். அதோடு ஓர் ஆண்டின் புகார்களைத் தெருவாரியாகச் சேர்த்து, மீண்டும் மீண்டும் வந்தவை எவை என்று காட்டும் அறிக்கையும், வார்டுவாரியான வரவு செலவுப் பட்டியலும் மன்றப் பொருளோடு உறுப்பினர்களுக்குக் கிடைக்க வேண்டும். குடிநீர் வாரியத்தின் ஆண்டுத் திட்டமும் அதே கூட்டத்தில் விவாதிக்கப்பட வேண்டும். வார்டு நிதி சமமாகப் பிரிக்கப்படாமல் பற்றாக்குறையின் அளவைப் பார்த்துப் பிரிக்கப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. அரசாணைகளும் மன்றத் தீர்மானங்களும் போதும்.

வாக்காளரின் பங்கும் இதில் உண்டு. கவுன்சிலரை நாம் எதற்காகப் பாராட்டுகிறோமோ அதையே அவர் செய்வார். அடைப்பெடுக்கும் வண்டியை அனுப்பியதற்கு நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால், அடுத்த மாதமும் வண்டியே வரும். இந்தத் தெருவின் குழாயை மாற்ற எந்த மதிப்பீட்டில், எந்தத் தலைப்பில், எவ்வளவு கேட்டீர்கள், மன்றம் என்ன பதில் சொன்னது என்று பகுதி சபையில் எழுந்து கேட்கும்போது அவரது வேலை மாறத் தொடங்குகிறது. ஆலந்தூரில் குடும்பங்கள் ஐயாயிரம் ரூபாய் கட்டியபோது வாங்கியது கழிவுநீர் இணைப்பை மட்டுமன்று. தங்கள் குறைக்கும் ஊரின் கணக்குக்கும் இடையே ஒரு நேர்வழியையும் சேர்த்துத்தான். மற்ற வார்டுகளுக்கும் அந்த வழி திறக்க வேண்டும்.